போலந்து வீட்டில் ஓராண்டு தங்கிப் படிக்கப்போகிறீர்களா?

வாசலில் காலணியைக் கழற்றியதும் 'காப்ச்சே' என்னும் வீட்டுச் செருப்பை நீட்டுவார்கள். மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் பூங்கொத்து கொடுப்பதானால் பூக்கள் ஒற்றைப்படையில் இருக்கட்டும். இரட்டைப்படை துக்க வீட்டுக்கு. வீட்டுப் பெரியவர்களை, அவர்களாகச் சொல்லும்வரை பெயர் சொல்லி அழைக்க வேண்டாம். பெண்ணுக்கு 'பானி', ஆணுக்கு 'பான்'.

சைவப் பிள்ளைகள் சாப்பாட்டு விஷயத்தைப் புறப்படும் முன்பே எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது. இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வைப்பார்கள்; அங்கே பலருக்கு மீன் இறைச்சிக் கணக்கில் வராது. காய்கறி சூப்பிலும் எலும்புச்சாறு இருக்கலாம். 'பியெரோகி ருஸ்கியே' உங்களுக்குக் கைகொடுக்கும்: உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பூரணமாக வைத்த, நம் கொழுக்கட்டை போன்ற பண்டம். மேலே வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவுவது உண்டு, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முக்கியச் சாப்பாடான 'ஒபியாத்' பெரும்பாலும் பிற்பகலில்தான். காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போங்கள். சாப்பிட்டு எழும்போது 'ஜென்குயெ' (நன்றி) சொல்லி, தட்டை நீங்களே எடுத்து வையுங்கள். அந்த ஒரு சொல்லில் சமைத்தவர் முகம் மலரும். பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் திறக்காது. வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.