பாங்காக்கில் வேலையா? பெட்டி கட்டும் முன் இதைப் பாருங்கள்

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு ஆஃபர் லெட்டர் அனுப்பியிருந்தான். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் ஆயிரம் டாலர், தங்குமிடம், சாப்பாடு இலவசம், டிக்கெட்டும் கம்பெனி செலவு. லெட்டர்ஹெட் பளபளவென்று இருந்தது. கீழே மெயில் ஐடி மட்டும் ஜிமெயில்.

"இன்டர்வியூல என்னடா கேட்டாங்க?"

"டெலிகிராம்ல வீடியோ கால் மாமா. டைப்பிங் ஸ்பீடு மட்டும்தான் பார்த்தாங்க. நிமிஷத்துக்கு நாற்பது வார்த்தை அடிச்சேன். செலக்டட்னு சொல்லிட்டாங்க."

இன்ஜினியரிங் சர்டிபிகேட்டை யாரும் கேட்கவே இல்லை. முகம் தெரியாதவர்களிடம் காதல் பேசி, கிரிப்டோ ஆசை காட்டி, காசைக் கறக்கிற வேலைக்கு வேகமாக ஓடும் விரல் போதும். டிக்கெட்டை கேன்சல் செய்ய வைத்தோம். ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

டிக்கெட் பாங்காக்குக்குத்தான், வேலைதான் அங்கே இல்லை. ஏர்போர்ட்டில் ஏற்றிக்கொள்ளும் கார் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி மே சோட் என்ற எல்லை ஊரில் நிற்கும். அங்கே ஓடுவது மோய் ஆறு. அக்கரையில் மியான்மரின் மியாவாடி. அங்குள்ள பூட்டிய வளாகங்களில்தான் அந்த மோசடி வேலை நடக்கிறது. 2022 செப்டம்பரிலேயே நம் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அடுத்த மாதம் அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களை அழைத்துவர வேண்டியிருந்தது. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படி மோசடி வேலையில் அடைபட்டிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது.

உங்கள் கையில் இப்போது ஒரு ஆஃபர் லெட்டர் இருந்தால், மேலே படியுங்கள்.

செய்ய வேண்டியவை

• ஏஜென்டின் பதிவு எண்ணை வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே குற்றம். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, பெயரும் முகவரியும் ஒத்துப்போக வேண்டும். அடுத்தவர் லைசென்ஸைக் காட்டிப் பிழைக்கிற 'சப் ஏஜென்ட்'கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

• கட்டணத்தை பேங்க் வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. லட்சத்தில் பேசினால் எழுந்து வாருங்கள். 'ஒரு பைசா வேண்டாம், டிக்கெட்டும் நாங்களே போடுகிறோம்' என்றால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள். உங்களை விற்கப்போகிற விலையில் அந்த டிக்கெட் காசும் சேர்ந்திருக்கும்.

• விசாவின் பெயரைக் கேளுங்கள். தாய்லாந்தில் வேலை பார்க்க 'நான்-இமிக்ரன்ட் பி' விசாவும், பிறகு வொர்க் பெர்மிட்டும் வேண்டும். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு வந்த விசா இல்லா நுழைவு, சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கானது. 'விசிட்ல போங்க, அங்க போய் கன்வர்ட் பண்ணிக்கலாம்' என்று சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

• ஆஃபர் லெட்டரை பாங்காக் இந்தியத் தூதரகத்துக்கு மெயில் செய்து கேளுங்கள். லெட்டரில் இருக்கிற நம்பருக்கு போன் போட்டால் எடுப்பது அந்தக் கும்பலின் ஆள்தான்.

• டிகிரி முடித்தவரா? இன்னும் உஷாராக இருங்கள். பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்று இருக்கும். அவர் சவுதிக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போனால், ஒப்பந்தத்தை அதிகாரி ஒருவர் பார்த்துத்தான் விடுவார். பத்தாவது தாண்டியவருக்கு அந்தத் தடுப்பு கிடையாது. படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்று சட்டம் நினைக்கிறது. கும்பல் தேடுவதும் கம்ப்யூட்டரும் இங்கிலீஷும் தெரிந்த அதே பிள்ளைகளைத்தான். கொத்தனார் வேலைக்குப் போகிறவரைக் காக்க ஒரு கேட் இருக்கிறது, உங்களுக்கு அதுவும் இல்லை.

• பாஸ்போர்ட், டிக்கெட், ஆஃபர் லெட்டர், ஏஜென்டின் போட்டோ, போன் நம்பர், பணம் போன கணக்கு விவரம் எல்லாவற்றையும் வீட்டில் இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். புகார் எழுதும்போது 'ஏதோ ராஜாவாம் சார்' என்று சொல்லி நிற்கிற பெற்றோருக்கு யாரும் உதவ முடியாது.

• வீட்டோடு ஒரு ரகசியப் பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாட்டினால் போன் உங்கள் கையில் இருக்காது, இருந்தாலும் பக்கத்தில் ஒருவன் நிற்பான். 'பாட்டிக்கு முட்டிவலி எப்படி இருக்கு?' என்று நீங்கள் கேட்டால், பாட்டி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆன வீட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

• பாங்காக்கில் இறங்கியதும் லைவ் லொகேஷனைப் போடுங்கள், மேப்பில் கண் வையுங்கள். நகருக்குள் இருக்கிற ஆபீஸுக்குப் போக ஐந்து மணி நேரம் ஆகாது. கார் நகரத்தை விட்டு விலகி, 'தாக்', 'மே சோட்' என்ற பெயர்கள் வர ஆரம்பித்தால், முதல் பெட்ரோல் பங்கிலோ சோதனைச் சாவடியிலோ இறங்கிச் சத்தம் போடுங்கள். பெட்டி போனால் போகட்டும். டூரிஸ்ட் போலீஸ் 1155, அவசர போலீஸ் 191, ஆள் கடத்தல் உதவி எண் 1300. மூன்றையும் இன்றே போனில் பதிந்து வையுங்கள்.

• வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே அங்கே இருந்தால் இன்றே புகார் கொடுங்கள். தமிழக அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793. மத்திய அரசின் உதவி மையம் 1800 11 3090. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்திலும் பதியுங்கள். பாஸ்போர்ட் எண்ணும் கடைசியாக வந்த லொகேஷனும் கையில் இருந்தால் வேலை வேகமாக நகரும்.

செய்யக்கூடாதவை

• ஆற்றைத் தாண்டாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். தாய்லாந்து மண்ணில் நிற்கும்வரை உங்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது, நீங்கள் முறையாக வந்தவர், கூப்பிட்டால் வர போலீஸும் இருக்கிறது. மோய் பெரிய ஆறு ஒன்றும் இல்லை. படகில் ஏறி உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்வதற்குள் அக்கரை வந்துவிடும். அங்கே கால் வைத்ததும் நீங்கள் மியான்மருக்குள் கள்ளத்தனமாக நுழைந்தவர். கரையில் துப்பாக்கியோடு நிற்பவர்களும் அரசாங்கப் போலீஸ் இல்லை, ஆயுதக் குழுக்களின் ஆட்கள். தூதரகம் நினைத்தாலும் அந்த வளாகத்துக்குள் நேரே வந்து உங்களை அழைத்துப் போக முடியாது.

• பாஸ்போர்ட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். 'ஸ்டாம்பிங்குக்கு' என்று காரிலேயே கேட்பார்கள். விசா முத்திரை குத்துகிற இடம் கார் இல்லை.

• இமிக்ரேஷன் அதிகாரியிடம் 'டூர் போறேன்' என்று பொய் சொல்லாதீர்கள். 'அந்த கவுன்டர்ல நமக்கு செட்டிங் இருக்கு, இப்படிச் சொல்லுங்க' என்று ஏஜென்ட் சொல்லிக் கொடுப்பான். அதிகாரி நாலு கேள்வி கேட்டு உங்களைத் திருப்பி அனுப்பினால் டிக்கெட் காசுதான் நஷ்டம்.

• 'ஃப்ரெண்டே அங்கதான் இருக்கான்' என்று நம்பிக் கிளம்பாதீர்கள். உள்ளே மாட்டியவர்களிடமே 'ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா, உன்னை விடுகிறோம்' என்று பேரம் நடக்கிறது. அவன் அனுப்புகிற நீச்சல்குளம் செல்ஃபியை யார் எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

• மியான்மர் இல்லை, கம்போடியா, லாவோஸ் என்றால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். கடை வேறு, சரக்கு ஒன்றுதான். 2025 அக்டோபரில் மியான்மர் ராணுவம் மியாவாடி அருகே கே.கே. பார்க் வளாகத்துக்குள் நுழைந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துக்கு ஓடிவந்தார்கள். ஒரு வளாகத்தைப் பூட்டினால் கும்பல் வேறு இடத்தில் கடை போடும்.

• புரியாத மொழியில் இருக்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலையை விட்டால் பல லட்சம் அபராதம் என்று அதில்தான் எழுதியிருக்கும்.

• விடுவிக்கப் பணம் கேட்டால், போலீசுக்கும் தூதரகத்துக்கும் சொல்லாமல் அனுப்பாதீர்கள். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி அனுப்பிய பிறகும் ஆளை விடாமல் இன்னொரு கும்பலுக்கு விற்றிருக்கிறார்கள். காசு வந்த வீடு என்று தெரிந்தால் மறுபடியும் கேட்பார்கள்.

• சிம் கார்டையும் பேங்க் கணக்கையும் யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காதீர்கள். அந்த மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான்.

• கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஆள் சேர்த்து விடாதீர்கள். 'ஃபார்வர்டு பண்ணேன், அவ்வளவுதான்' என்பது கோர்ட்டில் எடுபடாது. அதைவிட, நீங்கள் அனுப்பிய பையனின் அம்மாவைத் தெருவில் தினமும் பார்க்க வேண்டியிருக்கும்.

• தப்பி மே சோட் வந்துவிட்டால், விசா முடிந்துவிட்டதே என்று பயந்து ஒளியாதீர்கள். கூடுதலாகத் தங்கியதற்குத் தாய்லாந்தில் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். வலுக்கட்டாயமாகக் கொண்டுபோனார்கள் என்பதைப் போலீசிடம் முதலிலேயே சொல்லுங்கள், தூதரகத்தைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

• ஊர் திரும்பியவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். கேவலம் என்று சொல்லிப் புகாரே கொடுக்காமல் விட்ட வீடுகளை எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பையனை அனுப்பிய ஆள் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மாடி ஆபீஸில் உட்கார்ந்து, அடுத்த பேட்சுக்குப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டிருக்கிறான்.