கண்டிப்பின் செலவு யார் கணக்கில்?

அன்புள்ள பெங்களூரு ஹெப்பகோடி வாசகருக்கு,

"எங்கப்பா பெல்ட்டால் வெளுத்து வளர்த்ததால்தான் இன்று பொம்மசந்திரா கம்பெனியில் ஷிப்டு தவறாமல் நிற்கிறேன். என் மகனையும் அப்படியே வளர்க்கலாம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணன் தருமபுரி வீட்டு வாசலை மிதித்துப் பல வருடமாகிறது என்றும் போகிறபோக்கில் ஒரு வரி. அதே பெல்ட் அவர் முதுகிலும்தானே விழுந்தது?

கண்டிப்பு ஆயுசுக்கும் நிற்கும், அதில் சந்தேகமில்லை. எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பதுதான் பிடிபடாது.

அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் தந்தை ஜைனுலாப்தீன் ராமேஸ்வரம் பஞ்சாயத்து போர்டுத் தலைவரான சமயம். தந்தை தொழுகைக்குப் போயிருந்தபோது ஒருவர் அன்பளிப்போடு வந்தார். படித்துக்கொண்டிருந்த சிறுவன், கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். திரும்பி வந்த தந்தை வேட்டி, அங்கவஸ்திரம், பழங்களைப் பார்த்தார், மகனை அடித்தார். அவரிடம் வாங்கிய முதல் அடி அதுதான் என்பார் கலாம். நம் ஆட்கள் அடியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அழுத பையனின் தோளைத் தொட்டு, பதவியில் இருப்பவன் ஏன் பரிசு வாங்கக் கூடாது என்று அவர் விளக்கியதை விட்டுவிடுவார்கள். அந்தப் பரிசு வந்தது தந்தைக்கு. வேண்டாமென்று இழந்தவரும் அவரே. அந்தப் பாடம் மகனிடம் நின்றது: 2006இல் உறவினர்கள் ராஷ்டிரபதி பவனில் வந்து தங்கியபோது, குடியரசுத் தலைவர் கலாம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மேல் தன் பணத்திலிருந்து கட்டியதை அவருடைய செயலாளர் பி.எம். நாயர் எழுதியிருக்கிறார்.

பெரியாரின் ஈரோட்டுக் கதை வேறு. அவர் தந்தை வெங்கட்ட நாயக்கர் வசதியான வணிகர். வைணவ ஆசாரமுள்ள வீடு. புழங்கக் கூடாதென்று ஒதுக்கிய வீடுகளில் தின்று, தண்ணீர் குடித்த மகன் ராமசாமிக்குக் காலில் விலங்கு பூட்டினார்கள். விலங்குக் கட்டையைத் தோளில் சுமந்தபடியே அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தேன் என்று பெரியார் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1924இல் தீண்டாமைக்கு எதிரான வைக்கம் போராட்டத்துக்குப் போய்ச் சிறையேறியவரின் பிடிவாதத்தைத் தேடிப் போனால் அந்தக் கட்டையும் கண்ணில் படும்.

'பெற்றவர் தானும் கடைப்பிடித்தால் போதும்' என்ற வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை. ஈரோட்டுப் பெற்றோரும் தங்கள் ஆசாரத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள்தாம். ராமேஸ்வரத்தில் கண்டிப்பின் செலவு அப்பா தலையில் விழுந்தது. ஈரோட்டில், தண்ணீர் கொடுத்த வீட்டுக்காரர் தலையில். பிள்ளைகள் இந்தக் கணக்கை யாரும் சொல்லாமலே போட்டுவிடுகிறார்கள்.

உங்கள் விதிகளுக்கு வருகிறேன். இரவு எட்டுக்கு மேல் போன் கிடையாது என்கிறீர்கள். உங்கள் போனையும் அலமாரியில் வைப்பதானால் கறாராகவே இருங்கள். பெல்ட் மட்டும் இடுப்பிலேயே இருக்கட்டும். 'தெருமுனை ஷீட் வீட்டு இந்திக்காரப் பசங்களோடு சேராதே' என்ற இன்னொரு விதிதான் உறுத்துகிறது. அதனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தனியாக நிற்கப்போவது அந்தப் பிள்ளைகள். எதிர்வீட்டுக் கன்னடக்காரர் தன் மகனிடம் உங்கள் பையனைக் காட்டி இதையே சொன்னால்?

விட மனமில்லையென்றால், ராமேஸ்வரத்துத் தந்தை செய்ததுபோல் காரணத்தை மகனிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல நா கூசினால், அந்த விதியை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்