விளையாட்டு வீரரின் ஹஜ்ஜும் ஸஜ்தாவும்

"ஹஜ்ஜுக்கு வசதி வந்துவிட்டதே, எப்போது புறப்படுகிறீர்கள்?" என்று கேட்டால், குருவிகுளம், சங்கரன்கோவில் பக்கங்களில் நாம் கேட்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: "குமரைக் கரையேற்ற வேண்டும், கடைக்கு ஆள் வேண்டும், வயதான பிறகு பார்க்கலாம்." வாலிபத்திலேயே பிழைப்பை ஒதுக்கி வைத்துப் புறப்பட்ட ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

ஹுஸைன் அப்துல்லாஹ் 1985இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். அமெரிக்கக் கால்பந்து என்பது நம் பிள்ளைகள் காலால் உதைத்து ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரை மோதி வீழ்த்துவதுமான முரட்டு ஆட்டம். 2008இல் மின்னஸோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்த அவர், கடும் பயிற்சி நாட்களிலும் ரமளான் நோன்பை விடவில்லை.

2012இல் ஹஜ் அக்டோபர் மாதம் வந்தது. போட்டிகள் நடக்கும் பருவமும் அதுவே. ஹுஸைனும், அதே ஆட்டக்காரரான தமையனார் ஹம்ஸாவும் அவ்வாண்டுப் போட்டிகளை விட்டு மக்கா சென்றனர். திரும்பினால் இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. 2013இல் ஹுஸைனைக் கன்ஸாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. தமையனாரோ மீண்டும் களமிறங்கவில்லை. ஹஜ் உலக லாபத்துக்கான பேரமன்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

2014 செப்டம்பர் 29 அன்று எதிரணியின் பந்தை இடைமறித்து, 39 கெஜம் ஓடி எல்லையைக் கடந்த ஹுஸைன், அங்கேயே ஸஜ்தாவில் விழுந்தார். நடுவர் அதைக் குற்றமாகக் கருதி 15 கெஜம் தண்டனை விதித்தார். மறுநாளே, தண்டித்திருக்கக் கூடாது என்று போட்டி நிர்வாகம் அறிவித்தது.

மகிழ்ச்சியான செய்தி வரும்போது நாயகம் (ஸல்) அவர்கள் ஸஜ்தாச் செய்ததாக ஹதீஸில் வந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் இந்த நன்றி ஸஜ்தா ஸுன்னத்தாகும். தொழுகையைப் போன்றே உளூவும் கிப்லாவும் இதற்கும் வேண்டும்.

தலையில் பட்ட அடிகளால் ஐந்து முறை மூளை அதிர்ச்சிக்குள்ளான ஹுஸைன், 2016இல் 30 வயதிலேயே ஓய்வு பெற்றார். உடலும் அறிவும் அல்லாஹ் தந்த அமானிதமல்லவா?

இனி நம் கடமைக்கு வருவோம். கடனும் குடும்பச் செலவும் போக, சென்று திரும்பும் வசதியும் உடல் நலமும் இருந்தால் ஹஜ் கடமையாகிவிடும். மகளின் திருமணம் முடிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனையன்று. ஹனஃபி மத்ஹபில் வசதி வந்த ஆண்டே நிறைவேற்ற வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், செய்யும் உறுதியோடு தாமதிக்கலாம். ஆனால் செய்யாமலே மவுத்தாகிவிட்டால் அவர் பாவியாவார். நாளை நம் கையிலா இருக்கிறது?

கடமையைக் காலத்தில் நிறைவேற்ற வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.