அனுப்பியாச்சு, சேர்ந்ததா?

2021 மார்ச் 8 அன்று பலருக்கு வங்கி ஓ.டி.பி. வந்து சேரவில்லை. பதிவு செய்த வாசகத்தோடு பொருந்தாத குறுஞ்செய்திகளைத் தொலைபேசி நிறுவனங்களின் வடிகட்டி தடுத்துவிட்டது. மறுநாளே டிராய் அதை ஏழு நாள் நிறுத்திவைத்தது.

மின்னஞ்சலும் இப்படித்தான். எதிர் சர்வர் 250 என்று பதில் சொன்னால் வாங்கிக்கொண்டது, அவ்வளவே. ஸ்பேமில் போட்டாலும் 250தாங்க! சீர்காழித் தபால் பெட்டியில் போட்டதும் கடிதம் சேர்ந்ததாகுமா?

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். வரவேண்டிய செய்தி வரவில்லை என்பதே அப்பாவுக்குத் தெரியாது. அவர் புகார் செய்யமாட்டார். ஆகவே பிழைப் பட்டியலை மட்டும் பார்த்துப் பயனில்லை. அனுப்பிய ஓ.டி.பி.களில் எத்தனை திரும்ப டைப் செய்யப்படுகின்றன என்று மணிக்கு மணி எண்ணணும். அது திடீரென்று விழுந்தால் எச்சரிக்கை அடிக்கணும். ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் நம் சொந்த எண் ஒன்றுக்கும் அனுப்பிப் பார்க்கலாம்.