எத்தனால் கலந்த பெட்ரோலைச் சேமிக்க ஏற்ற கலன்

கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து தயாரிக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலுடன் கலந்து விற்கும் முறை நம் நாட்டில் படிப்படியாக வளர்ந்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் 10 சதவீதத்தை எட்டிய கலப்பு, 2025-ஆம் ஆண்டில் 20 சதவீதத்தை எட்டியது. விசைத்தெளிப்பானுக்கும் களையெடுக்கும் கருவிக்கும் உழவர்கள் வாங்கி வைக்கும் பெட்ரோலும் இதுவே. இதைக் கையில் கிடைத்த டின்னில் ஊற்றி வைப்பது நல்லதல்ல.

நீரால் வரும் கேடு

பெட்ரோல் நீருடன் கலவாது. எத்தனாலோ காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நீரின் அளவு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து, பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். 10 சதவீதக் கலப்பில், 10 லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லி நீரே இதற்குப் போதும். 20 சதவீதக் கலப்பு சற்றுக் கூடுதலான நீரைத் தாங்கும். குளிர்ந்தால் தாங்கும் அளவு குறையும்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு இதனால் ஆபத்து அதிகம். நாம் கலக்கும் ஆயில் மேலேயுள்ள பெட்ரோலிலேயே நின்றுவிடும். அடியிலுள்ள நீர்மம் என்ஜினுக்குள் சென்றால் உயவு இல்லாமல் பிஸ்டன் இறுகிவிடும். பூச்சி தாக்கும் நேரத்தில் தெளிப்பான் பட்டறையில் கிடந்தால் பயிருக்கும் சேதமே.

கலனைத் தேர்ந்தெடுத்தல்

1. துருப்பிடிக்காத எவர்சில்வர் கலன் மிகச் சிறந்தது. சாதாரண இரும்புக் கலனையும் உட்புறம் துருவும் ஈரமும் இன்றிப் பயன்படுத்தலாம்.

2. நாகம் பூசிய ஜி.ஐ. தகர டின் கூடாது. நாகம் அரிக்கப்பட்டு எரிபொருளில் கலந்து கார்புரேட்டரை அடைக்கும். பித்தளைக் குழாய், ஈயப்பற்று வைத்த டின் ஆகியவற்றையும் தவிர்க்கவும்.

3. மூடியில் இயற்கை ரப்பர் வாஷர் இருந்தால் ஊறி உப்பிவிடும். டெஃப்லான் வாஷர் போடவும். மூடி காற்றுப் புகாதபடி இறுக வேண்டும்.

4. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம். உலோகக் கலன் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மிகக்கூடாது. இச்சட்டப் பிரிவு அனுமதிக்கும் கலன்களில் பிளாஸ்டிக் இல்லை என்பதை நினைவில் கொள்ளவும்.

பாதுகாக்கும் முறை

கலனை நன்கு உலர்த்திய பின்னரே நிரப்ப வேண்டும். பெட்ரோல் விரிவடைய இருபதில் ஒரு பங்கு இடம் விட்டால் போதும்; அரைக் கலனாக வைத்தால் ஈரக்காற்று அதிகம் தங்கும். அடுப்பும் மின் சுவிட்சும் இல்லாத, காற்றோட்டமான நிழலில் வைக்கவும். இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மட்டுமே வாங்கி, ஆயிலை வேலை நாளன்று கலந்துகொள்ளவும்.

பயன்படுத்துமுன் கலனின் அடியிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிப் பார்க்கவும். தெளிவாக இருந்தால் பயன்படுத்தலாம். கலங்கியோ இரண்டு அடுக்காகவோ தெரிந்தால் என்ஜினில் ஊற்றக்கூடாது. குலுக்கினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

கலனுக்கு ஒருமுறை செய்யும் செலவு, என்ஜினைப் பழுது பார்க்கும் செலவைவிடக் குறைவே. உழவர் பெருமக்கள் தங்களிடமுள்ள டின்களை இன்றே சோதித்து, ஏற்ற கலனுக்கு மாறிப் பயன்பெற வேண்டும்.