பதாகையில் இல்லாத பிள்ளைகள்

கோலா குபு பாருவில் ஒரு கல்யாணம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்த மாத்திரத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசம் வருவதற்குள் நம் பள்ளிகளைப் பற்றி அரை டஜன் தீர்ப்பு வழங்கிவிட்டார். நல்ல மனிதர். சொந்த லாரி ஓட்டி மூன்று பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் படிக்க வைத்தவர். அவர் சொன்னது எதுவும் புதிதில்லை. ராசா, பத்தாங்காலி, செரண்டா, பெஸ்தாரி ஜெயா என்று எந்த ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழுகிற பேச்சுதான். கல்யாண வீட்டில் வாதம் எதற்கு என்று கைகழுவ எழுந்துவிட்டேன். வாதத்தை இங்கே வைத்துக்கொள்கிறேன்.

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது."

இதைத் துரை சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். நாமே சொல்லிக்கொள்வதால் உறைப்பதில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றது. தோட்ட நிர்வாகங்கள் சட்டத்துக்காக ஒரு பள்ளியை வைத்தன. கோயில் மண்டபத்தில் வைத்தன, ஆயாக்கொட்டகையில் வைத்தன, லயத்தின் கடைசி வீட்டில் வைத்தன. எழுத்துக் கூட்டத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியார். நாலைந்து வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேலும் படித்தால் விடியற்காலைப் பெரட்டுக்கு யார் வருவது? தோட்டத்தை விட்டு வெளியேற வழிகாட்டுவதற்காக அந்தப் பள்ளிகள் வைக்கப்படவில்லை. தொழிலாளி குடும்பத்தோடு நிலைத்திருக்கவே வைக்கப்பட்டன. மூன்று தலைமுறை இப்படி நடத்திவிட்டு, படிப்பு ஏறாததற்கு ரத்தத்தைக் குறை சொல்கிறோம்.

பிறகு வந்தது இடப்பெயர்வு. தோட்டத் துண்டாடல் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் இடிந்து தாமான் வந்தது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது ஏறக்குறைய 530. சில பள்ளிகள் பிள்ளைகளைத் தேடி ஊருக்குள் வந்துவிட்டன. பெயர்ப்பலகையில் 'லாடாங்' என்று இருக்கும், கண்ணுக்கெட்டிய தூரத்தில் தோட்டம் இருக்காது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டு காத்திருந்த கதை, 2024 மே மாதம் கோலா குபு பாரு இடைத்தேர்தல் வந்தபோதுதான் பலர் காதுக்கு எட்டியது. அப்படிக் காத்திருந்த குடும்பங்களில் வளர்ந்த பிள்ளையும் சொந்த வீட்டில் தனி மேசை நாற்காலியோடு வளர்ந்த பிள்ளையும் ஒரே நாளில் முதலாம் ஆண்டில் வந்து உட்காருகிறார்கள். இருவருக்கும் இடையில் ஏற்கெனவே பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை அளந்து பார்க்காமல் மூளையை அளக்கிறோம்.

"எங்க பள்ளியில இத்தனை பேர் 8ஏ. நல்ல பள்ளி."

ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல் வந்தது. கடைசியாக நடந்தது 2019இல். 2021இல் அரசாங்கம் அதை ரத்து செய்துவிட்டது. ஆனாலும் அந்தப் பதாகைகள் இன்னும் நம் நெஞ்சில் தொங்குகின்றன. முன்பு 7ஏ, 2016 முதல் 8ஏ. மாலை போட்ட பிள்ளைகள், பின்னால் தலைமையாசிரியர், ஓரத்தில் ஒரு யாங் பெர்ஹோர்மாட்.

இருபது பேர் வகுப்பில் இரண்டு பேர் 8ஏ என்றால் பதாகையில் இரண்டு படம். மற்ற பதினெட்டுப் பேர் என்ன ஆனார்கள் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்போது அந்தத் தேர்வு இல்லாததால் அந்த இடத்துக்கு அனைத்துலகப் புத்தாக்கப் போட்டித் தங்கப் பதக்கம் வந்திருக்கிறது. பதக்கம் வாங்குவது நல்லதுதான், பிள்ளைகள் விமானம் ஏறட்டும். ஆனால் ஐந்து பேர் பதக்கம் வாங்கியதை வைத்து நூற்றைம்பது பேர் படிக்கும் பள்ளியை எடைபோட முடியாது.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குப் பாடம் எடுத்த காலம். ஒரு பையனுக்கு முத்து முத்தான கையெழுத்து. பலகையில் எழுதியதைப் பிசகாமல் எழுதிவிடுவான். நோட்டைப் பார்த்து 'மிக நன்று' போட்டுக்கொண்டே வந்தேன். ஒருநாள் தற்செயலாக, "நீ எழுதினதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுப்பா" என்றேன். நின்றான். "நீதானே எழுதினே?" என்றேன்.

"ஆமாங்க சார். பார்த்து வரைஞ்சேன்" என்றான்.

ஐந்து வருடம் அவன் வரைந்திருக்கிறான், ஐந்து வருடம் நாங்கள் திருத்தியிருக்கிறோம். அந்த நேரமெல்லாம் எங்கள் கவனம் 8ஏ எடுக்கக்கூடிய நாலு பேர் மேலும், பாஸ் ஆகிற எல்லையில் நிற்கிற ஏழு பேர் மேலும் இருந்தது. கடைசி வரிசை சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று இருந்தோம்.

ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். மூன்றாம் ஆண்டு முடியும்போது அந்த வகுப்பில் எத்தனை பேர் ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துப் பொருள் சொல்வார்கள்? வாசிப்பு வராமல் நான்காம் ஆண்டுக்குப் போகிற பிள்ளைக்கு அறிவியலும் வரலாறும் கணிதத்தில் வாக்கியக் கணக்கும் ஒரே நாளில் கதவைச் சாத்துகின்றன. அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, கணக்கு என்ன கேட்கிறது என்பதுதான் தெரியவில்லை.

இதற்குச் செய்யக்கூடியது பெரிய வித்தை இல்லை. இந்தியாவில் 'பிரதம்' அமைப்பு உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் செய்து காட்டியது இதுதான்: தினமும் குறிப்பிட்ட நேரத்துக்கு வகுப்பைக் கலைத்துவிட்டு, வயதைப் பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக்கு, அந்த நிலையிலிருந்து கற்பி. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. 'மக்கு' என்று ஒரு குழுவுக்குப் பெயர் வைக்காமல் 'அரும்பு' என்று வைத்தாரே.

நம் நாட்டிலும் 2010இல் 'லினுஸ்' என்ற திட்டம் முதல் மூன்றாண்டுப் பிள்ளைகளின் மலாய் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. 2013இல் ஆங்கிலமும் சேர்ந்தது. நோக்கம் சரிதான். ஆனால் எந்தச் சோதனையும் பாரம் நிரப்பும் வேலையாகிவிட்டால், பிள்ளைக்குப் போக வேண்டிய நேரம் பாரத்துக்குப் போய்விடும்.

"யு.பி.எஸ்.ஆரை எடுத்தாங்க, தரம் போச்சு."

லாரிக்காரர் இதைச் சொன்னபோது மேசையே தலையாட்டியது. ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா தேர்வில் 2018இல் மலேசியா கணிதத்தில் 440, வாசிப்பில் 415 புள்ளி எடுத்தது. 2022இல் அது 409, 388 என்று விழுந்தது. சரிவு உண்மைதான். ஆனால் 2022இல் பீசா எழுதிய பிள்ளைகள் பெரும்பாலும் 2006இல் பிறந்தவர்கள். அவர்கள் 2018இல் யு.பி.எஸ்.ஆர். எழுதித் தேறி வந்தவர்கள். தேர்வு ரத்தானதற்கும் அந்தச் சரிவுக்கும் சம்பந்தமே இல்லை. கோவிட் தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2021 அக்டோபர்வரை திறந்தும் மூடியும் கிடந்ததற்குச் சம்பந்தம் உண்டு. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்ற குடும்பங்கள் அந்தச் சரிவில் எங்கே இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கற்றல் குறை அதற்கும் முந்தியது. மலேசியப் பிள்ளை சராசரியாக 12.5 ஆண்டு பள்ளிக்குப் போகிறது, ஆனால் 8.9 ஆண்டுக்குரிய கல்வியைத்தான் பெறுகிறது என்று உலக வங்கி 2024இல் கணக்குச் சொன்னது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் எட்ட வேண்டிய வாசிப்பு நிலையை எட்டவில்லை என்றும் சொன்னது. இது எல்லா மொழிப் பள்ளிகளையும் சேர்த்த கணக்கு. நம்மை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை, நாம் மட்டும் தப்பிக்கவுமில்லை.

"தமிழ்ப்பள்ளிக்குப் போனா மலாய் வராது."

தாய்மொழியில் எழுத்தறிவு பெற்ற பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாகும் என்பதை யுனெஸ்கோ 1953லேயே வலியுறுத்திவிட்டது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒரு மொழியில் பிடிபட்டால் போதும். தமிழ் உயிர்மெய்யைச் சமாளித்த பிள்ளைக்கு மலாயின் 26 எழுத்து பெரிய மலையா? இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் 'வந்துச்சு, போயிருச்சு' என்று பேசுகிற பிள்ளைக்குப் பாடநூலின் 'வந்தது, சென்றுவிட்டது' என்பதே பாதி வேற்றுமொழிதான். அதை ஆசிரியர் உணர்ந்து பேச்சிலிருந்து எழுத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டும்.

ஆனால் இந்த நம்பிக்கையில் கால்பங்கு உண்மை ஒளிந்திருக்கிறது, மறைக்க மாட்டேன். இடைநிலைப்பள்ளியின் படிவம் 1இல் எல்லாம் மலாய்க்கு மாறிவிடும். மலாயில் தளர்ந்த பிள்ளை ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். தோழர்கள் முன்னே போய்விட, அந்த ஒரு வருடத்தில் மனம் விட்டுப்போகிற பையன்கள் எத்தனையோ பேர். கோளாறு ஆறு வருடத் தமிழில் இல்லை, ஆறாம் ஆண்டுக்கும் படிவம் 1க்கும் நடுவில் பாலம் போடாததில் இருக்கிறது. ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளில் அறிவியல், கணிதக் கலைச்சொற்களுக்குப் பக்கத்திலேயே மலாய்ச் சொல்லையும் எழுதிப் பழக்கிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அதற்குக் காசு செலவில்லை.

"டியூஷன் வைத்தால் சரியாகிவிடும்."

சரியாகும், சிலருக்கு. 1982இல் டான்ஸ்ரீ தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நம் சமூகத்தில் எத்தனையோ பேரைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பத்துமலைக்கு நடக்கும் அதன் கல்வி யாத்திரை இன்றும் நடக்கிறது. ஆனால் டியூஷனுக்கு வருகிற பிள்ளை யார்? கொண்டுபோய் விட ஒருவரும், கட்ட ஒரு கட்டணமும், போக வேண்டும் என்ற எண்ணமும் உள்ள வீட்டுப் பிள்ளை. வரைந்து எழுதிய என் மாணவன் வரவே மாட்டான். எல்லாரையும் உயர்த்தும் வேலை பள்ளி மணி அடிப்பதற்குள் நடக்க வேண்டும்.

"சின்னப் பள்ளியை மூடிட்டுப் பெரிய பள்ளியில சேர்க்கணும்."

150க்குக் குறைவான பிள்ளைகள் இருந்தால் நம் நாட்டில் அது குறைந்த மாணவர் பள்ளி. 30க்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே ஆசிரியர் கற்பிக்க வேண்டிவரும். உலு சிலாங்கூர், கோலா சிலாங்கூர் தோட்டப் பள்ளிகள் பலவற்றுக்கு இது அன்றாட வாழ்க்கை. வகுப்பறையில் பன்னிரண்டு பேர்தான். அது பாவம் என்கிறார்கள் சிலர், வரம் என்கிறார்கள் சிலர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஆய்வு, 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பில் ஆரம்ப வருடங்களில் படித்த பிள்ளைகள் 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புப் பிள்ளைகளைவிட முன்னேறியதைக் கண்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த நன்மை இன்னும் அதிகம். அந்த வசதி நம் தோட்டப் பள்ளிகளுக்கு ஆய்வே இல்லாமல் கிடைத்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டு பேரையும் வரிசையாக உட்காரவைத்துப் பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால், அதுவும் அறுபது பேர் வகுப்பும் ஒன்றுதான். சின்ன வகுப்பின் பலன் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்கார்ந்தால்தான் வரும். அதே ஆசிரியர் அலுவலகப் பாரம், விளையாட்டு, சிற்றுண்டிச்சாலைக் கணக்கு எல்லாம் சுமக்கும்போது உட்கார நேரம் எங்கே?

"நாங்க படிக்காதவங்க. வீட்டுல என்ன சொல்லிக் கொடுக்கிறது?"

இதைச் சொல்லும்போது பெற்றோர் தலைகுனிந்து சொல்வார்கள். தலைகுனிய ஒன்றுமில்லை. பாடம் சொல்லிக் கொடுப்பது பள்ளியின் வேலை. உங்களிடம் கேட்பது வேறு.

இப்போதைய வகுப்புசார் மதிப்பீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை அறிக்கை வீட்டுக்கு வருகிறது. பெரும்பாலான வீடுகளில் கையெழுத்துப் போட்டு அப்படியே பைக்குள் போய்விடுகிறது. அடுத்த முறை வரும்போது தமிழுக்கும் மலாய்க்கும் நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 1 அல்லது 2 என்றால் அடுத்த நாளே பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்: "சார், என் பிள்ளை வாசிக்குதா? வாசிக்கலன்னா என்ன செய்யப்போறீங்க?" இந்த ஒரு கேள்வியைப் பத்துப் பெற்றோர் கேட்டால் எந்தப் பள்ளியிலும் கடைசி வரிசை முன்னுக்கு வந்துவிடும்.

இன்று மாலை பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாடநூலில் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் வாசிக்கிறானா, மனப்பாடமாக ஒப்பிக்கிறானா என்பது காதுக்குத் தெரிந்துவிடும்.