ராய் சௌத்ரியின் சிற்பநடை

தச்சன் பெயரைத் தன் பெயரிலே தாங்கிய தச்சநல்லூரினின்று தாமிரபரணியைக் கடந்து, திருச்செந்தூர்ச் சாலையிற் செல்வோர் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலைக் காண்பர். அங்கே கர்ணனும் அர்ஜுனனும் வீரபத்திரனும் நரம்பும் நகமும் புலப்படத் தூண்களில் நிற்கின்றனர். அவர்களைச் செதுக்கிய கைகள் இளமையில் எவ்வாறு தொடங்கி, எங்ஙனம் முதிர்ந்தன என்பதை அறிய வழியில்லை. தற்காலச் சிற்பியிடத்தோ அவ்வளர்ச்சியைத் தொடர்ந்து காணலாம். சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையைச் சமைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியை (1899–1975) இங்கு எடுத்துக்கொள்வோம்.

இவர் வங்காளத்தவர். முதலில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். மென்மையான கோடும் கரைந்தோடும் நீர்வண்ணமுமே அப்பள்ளியின் இயல்பு. கனமுடைய உருவங்களை விரும்பிய ஒருவர் அங்கிருந்து புறப்பட்டார் என்பது வியப்பே! பின்னர்ச் சிற்பம் கற்று, 1929-இல் சென்னை அரசாங்கக் கலைப்பள்ளியின் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் இவரே.

கல்லிற் செதுக்குவோன் வேண்டாததை நீக்குகின்றான். ஒருமுறை தவறிய உளியை மீட்டல் அரிது. ராய் சௌத்ரியோ களிமண்ணைச் சேர்த்துச் சேர்த்து உருவாக்கி, அச்செடுத்து வெண்கலத்தில் வார்ப்பித்தார். மண்ணை அழுத்திய விரலின் மேடுபள்ளங்கள் வெண்கலத்திலும் நிலைத்து ஒளியையும் நிழலையும் ஏற்கும். பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் முறை இது. இவரையும் அது கவர்ந்தது.

பெரியோரின் உருவச்சிலைகள் பல சமைத்தார். அவற்றில் கருத்து முழுதும் முகத்திலேயே தங்கும். பசியால் வாடியோரையும் பாடுபடுவோரையும் சமைக்கப் புகுந்தபொழுது அக்கருத்து உடலெங்கும் பரவியது. 1959-இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையைக் காண்க. நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்கின்றனர். அவர்கள் யாவர் என்று நாம் வினவுவதில்லை. முதுகும் தோளும் தொடையுமே பாறையின் பளுவை நமக்கு உணர்த்துகின்றன. அதே கடற்கரையில் இவர் சமைத்த காந்தியடிகளிடம் திரண்ட தசையில்லை. ஊன்றிய கோலும் முன்னெடுத்த அடியுமே விசையைக் காட்டுகின்றன. உழைப்பாளர் சிலையினும் இதுவே அரிய வேலையென்பது எம் கருத்து.

மெய்யுருவைச் சிதைக்கும் புதுநடையை இவர் இறுதிவரை ஏற்றாரில்லை. இதனைக் குறையென்பாரும் உளர். ஆயினும் இவருடைய மாணாக்கராகிய எஸ். தனபால், ஆசிரியரின் திரண்ட தசையை விடுத்துக் கோட்டையும் சொரசொரப்பான மேற்பரப்பையும் நாடினார். ஓவியத்திற் கோட்டைப் பயின்று அதனைக் கடந்துவந்த ஆசிரியரிடம் கற்றவர், சிற்பத்திலே கோட்டை மீண்டும் கண்டெடுத்தார்.